காணாக்கடியும் குடலும்: ஹிஸ்டமின் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடம்பில் திடீரென்று திட்டுத் திட்டாகத் தடித்து, தாங்க முடியாமல் அரித்து, சில மணி நேரத்தில் சுவடே இல்லாமல் மறைந்துவிடும் தடிப்பை நம் ஊர்களில் காணாக்கடி என்பார்கள். கண்ணில் படாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்ற ஊகம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இன்று அந்தக் காணாத பூச்சியின் இடத்தில் பலர் உணவை வைக்கிறார்கள். குடல் கெட்டுவிட்டது, அதனால் ஹிஸ்டமின் கூடிவிட்டது, ஆகவே இன்னின்னதைச் சாப்பிடக் கூடாது என்று நீளும் பட்டியல்களைப் பின்பற்றி, மாதக்கணக்காகக் கஞ்சியும் இட்லியுமாக உடல் மெலிந்தவர்களை நான் நெருங்கிப் பார்த்திருக்கிறேன். என் அக்காவும் அவர்களில் ஒருவர். அந்தப் பட்டியல்களில் உண்மையும் இருக்கிறது, மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பியதும் இருக்கிறது. அவற்றைப் பிரித்துக் காட்டவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

ஹிஸ்டமின் என்பது நஞ்சா?

இல்லை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நம் உடலே தயாரித்துக்கொள்ளும் ஒரு தூதுப் பொருள் அது. ஹென்றி டேல், பேட்ரிக் லெய்ட்லா என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1910-ஆம் ஆண்டு அதன் செயல்களை முதன்முதலாக விரிவாக விவரித்தார்கள். அதன் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் நான்கு வகைப்படும். முதல் வகை ஏற்பி தூண்டப்பட்டால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து கசியும், நரம்பு நுனிகள் அரிப்பை உணரும். இரண்டாவது வகை தூண்டப்பட்டால் இரைப்பையில் அமிலம் சுரக்கும். மூளையில் ஹிஸ்டமின் நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. ஒவ்வாமைக்கு எதிரான பழைய மாத்திரைகளைப் போட்டால் தூக்கம் வருவதற்கும், அமிலம் குறைக்கும் ஃபமோட்டிடின் போன்ற மாத்திரைகள் வயிற்றில் வேலை செய்வதற்கும் காரணம் இந்த ஒரே பொருள்தான். ஆகவே ஹிஸ்டமினை உடலிலிருந்து முற்றிலும் வெளியேற்றுவது என்ற பேச்சுக்கே பொருளில்லை.

அது எப்படித் தோலில் தடிப்பாக மாறுகிறது?

தோலிலும் குடலிலும் மூச்சுக் குழாயிலும், அதாவது உடல் வெளியுலகைச் சந்திக்கும் எல்லைகளில், மாஸ்ட் செல்கள் எனப்படும் காவல் செல்கள் நிறைந்திருக்கின்றன. அவை ஹிஸ்டமினைச் சிறு சிறு மணிகளாகத் தமக்குள் சேமித்து வைத்திருக்கும். தூண்டுதல் கிடைத்ததும் அந்த மணிகளைச் சில நிமிடங்களுக்குள் வெளியே கொட்டிவிடும். தோலுக்குள் இது நடந்தால், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அந்த இடம் மேடாகும், சுற்றிலும் சிவக்கும், அரிக்கும். கசிந்த நீரை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொண்டதும் தடிப்பு மறைகிறது. அதனால்தான் ஒரு குறிப்பிட்ட தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதில்லை; ஒன்று மறைய வேறொரு இடத்தில் மற்றொன்று எழும். இதே கசிவு தோலின் ஆழத்தில் நேர்ந்தால் உதடும் கண்ணிமையும் வீங்குகின்றன.

குடலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு மூன்று இடங்களில் இருக்கிறது. அவற்றைத் தனித்தனியாகப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, குடல் ஒரு சுங்கச்சாவடி. உணவோடு உள்ளே வரும் ஹிஸ்டமினைச் சிதைப்பதற்கென்று சிறுகுடலின் உட்படலத்தில் டயமின் ஆக்சிடேஸ் என்ற நொதி சுரக்கிறது. அது நன்றாக வேலை செய்யும்வரை, நாம் உண்ணும் ஹிஸ்டமினில் மிகச் சிறு பங்குதான் இரத்தத்தைச் சேரும். நோயாலோ சில மருந்துகளாலோ அந்தப் படலம் பழுதுபட்டால் அந்தப் பங்கு கூடலாம்.

இரண்டாவது, குடலில் வாழும் நுண்ணுயிர்களில் சில, உணவிலுள்ள ஹிஸ்டிடினை எடுத்துக்கொண்டு தாமே ஹிஸ்டமின் செய்கின்றன. இது வெளியிலிருந்து வந்ததும் அன்று, நம் செல்கள் கொட்டியதும் அன்று.

மூன்றாவது, குடற்சுவரிலேயே குடியிருக்கும் மாஸ்ட் செல்கள். அவை தூண்டப்பட்டால் வயிற்று வலி, முறுக்கல், வயிற்றுப்போக்கு வரும். தோலில் தடிப்பு வரவேண்டுமென்றால் தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் தூண்டப்பட வேண்டும், அல்லது மிகுந்த ஹிஸ்டமின் இரத்தத்தில் கலக்க வேண்டும். குடலில் நடப்பதெல்லாம் தானாகவே தோலில் தெரிந்துவிடும் என்று எண்ணுவதில்தான் பெரும்பாலான தவறான முடிவுகள் தொடங்குகின்றன.

மீன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் தடித்தது. இது மீன் ஒவ்வாமையா?

இருக்கலாம், ஆனால் அதே போலத் தோற்றம் தரும் மற்றொன்றும் உண்டு, கடற்கரை ஊர்க்காரர்கள் அதை அறிந்திருப்பது அவசியம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் இயல்பாகவே மிகுதி. பிடித்த மீன் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் சில மணி நேரம் கிடந்தால், மார்கனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். இப்படிச் சேர்ந்த ஹிஸ்டமினைச் சமையல் அழிக்காது. கொதிக்கும் குழம்பிலும், பொரிக்கும் எண்ணெயிலும், தகரத்தில் அடைக்கும் சூட்டிலும் அது அப்படியே இருக்கும், உறையவைத்தாலும் போகாது. மீன் கெட்ட வாடை அடிக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. நாக்கில் மிளகுக் காரம் போல ஓர் எரிச்சல் தெரிந்ததாகச் சிலர் சொல்வார்கள்.

உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு 2012-இல் ஒரு கணக்கைச் சொன்னது: நலமான ஒருவர் ஒரு வேளையில் 50 மில்லிகிராம் ஹிஸ்டமின்வரை தொல்லையில்லாமல் தாங்குவார். ஒருவர் ஒரு வேளைக்கு 250 கிராம் மீன் உண்பதாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராம் என்ற அளவு கிடைக்கிறது. கோடெக்ஸ் எனப்படும் பன்னாட்டு உணவுத் தரக் குழுவின் பாதுகாப்பு வரம்பும் அதுவே. சரியாகக் குளிரூட்டப்படாத மீனில் இந்த அளவு பல மடங்காக ஏறிவிடுகிறது.

உண்மையான மீன் ஒவ்வாமையிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு எளிய கேள்வி போதும்: அதே குழம்பைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வந்ததா? ஒரே பந்தியில் நான்கு பேருக்கு முகம் சிவந்து தலை வலித்தால், குற்றம் மீன் பட்ட பாட்டில் இருக்கிறது, அவர்களின் உடலில் இல்லை. நேற்றுவரை அதே மீனைத் தொல்லையின்றிச் சாப்பிட்டவர் இன்று தடித்துப்போனால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாழ்நாள் முழுவதும் மீனை ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனாலும் ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால், மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை அந்த மீனை மறுபடி உண்டு பார்க்க வேண்டாம்.

ஹிஸ்டமின் தாங்காமை என்று சொல்கிறார்களே, அது உண்மையான நோயா?

பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்தவர்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாததைப் போல, ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதி குறைந்தவர்களுக்கு அது மிகுந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பதே இதன் அடிப்படைக் கருத்து. கருத்து ஏற்கத்தக்கதுதான். உணவுக்குப் பின் முகம் சிவத்தல், தலைவலி, மூக்கொழுகல், வயிறு உப்புதல், சில வேளை தடிப்பு ஆகியவற்றை இதன் அறிகுறிகளாகச் சொல்கிறார்கள். சிக்கல் எங்கே வருகிறதென்றால், நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத வகையில் ஹிஸ்டமினையும் வெறும் கரைசலையும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதிக்கும்போது, தமக்கு இது இருப்பதாக உறுதியாக நம்பிய பலருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே விளைவு வருவதில்லை. அதே வேளையில், 2004-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 75 மில்லிகிராம் ஹிஸ்டமினைக் குடித்த நலமான 10 பெண்களில் 5 பேருக்கு அறிகுறிகள் தோன்றின. அதாவது, அளவு மிகுந்தால் யாருக்கும் வரலாம். குறைவான அளவில் யாருக்கு வரும் என்பதைக் காட்டும் நம்பத்தக்க சோதனை இல்லை. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் தங்கள் வழிகாட்டியில் இதை ஒரு நோயின் பெயராகச் சொல்லாமல், உணவிலுள்ள ஹிஸ்டமினுக்கு ஏற்படும் எதிர்விளைவு என்றே குறிப்பிடுவது எனக்குச் சரியான எச்சரிக்கையாகப் படுகிறது.

இருக்கிறது என்று அடித்துச் சொல்பவரும், மனப்பிரமை என்று தள்ளிவிடுபவரும் நோயாளிக்கு ஒரே அளவு கெடுதல் செய்கிறார்கள் என்பது என் கருத்து. அறிகுறிகள் உண்மையானவை. அவற்றின் காரணம் ஹிஸ்டமினாக இருக்கலாம், பால் சர்க்கரையாக இருக்கலாம், கோதுமையால் குடல் பழுதாகும் சீலியாக் நோயாக இருக்கலாம். பின்னிரண்டுக்கும் தனித்தனிச் சோதனைகள் உண்டு. அவற்றைச் செய்யாமல் ஹிஸ்டமின் என்ற பெயரை ஒட்டிவிட்டால் உண்மையான நோய் பின்னே ஒளிந்துகொள்ளும்.

கத்தரிக்காய், தக்காளி, கருவாடு, புளித்த மாவு எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டுமா?

கத்தரிக்காயையும் கருவாட்டையும் கரப்பான் பண்டம் என்று நம் பாட்டிமார் விலக்கிவைத்ததில் ஒரு கவனிப்பு இருந்திருக்கிறது. கத்தரிக்காய், தக்காளி, பசலை வகைக் கீரைகள் ஆகியவற்றில் ஹிஸ்டமின் ஓரளவு இருப்பதை வேதியியல் சோதனைகளும் காட்டுகின்றன. கருவாடு, மாசி (வேகவைத்து உலர்த்திய சூரை), மீனைப் புளிக்கவைத்துச் செய்யும் சாறு போன்றவற்றில், செய்த விதத்தைப் பொறுத்து, அது மிகுதியாகவே சேரலாம். ஆனால் கரப்பான் என்ற சொல் கரப்பான் புண்ணிலிருந்து காணாக்கடிவரை எத்தனையோ தோல் நோய்களைச் சேர்த்துக் குறித்தது. அந்த விலக்கு எல்லோருக்கும் பொருந்தும் விதியாக ஆகாது.

இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் பெரும்பாலும் ஐரோப்பியச் சாப்பாட்டு மேசையை வைத்து எழுதப்பட்டவை. மாதக்கணக்கில் பழுக்கவைத்த பாலாடைக்கட்டி, சிவப்பு ஒயின், புளிக்கவைத்த இறைச்சி, ஊறவைத்த முட்டைக்கோஸ் ஆகியவையே அவற்றின் முதல் வரிசை. அந்த வரிசையில் புளித்த உணவு என்ற ஒரே சொல் வந்ததால், ஓர் இரவு புளித்த இட்லி மாவையும் பலர் சேர்த்துவிட்டார்கள். புரதம் நீண்ட காலம் சிதைந்து ஹிஸ்டிடின் வெளிப்பட்டு, அதைப் பாக்டீரியா மாற்றினால்தான் ஹிஸ்டமின் பெருகும். எட்டு மணி நேர மாவையும் எட்டு மாதப் பாலாடைக்கட்டியையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை.

உணவில் ஐயமிருந்தால், உணவியல் வல்லுநரின் துணையோடு இரண்டு அல்லது மூன்று வாரம் ஹிஸ்டமின் குறைந்த உணவை உண்டு பார்க்கலாம். மாற்றம் இல்லையென்றால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். மாற்றம் இருந்தால், ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, உண்மையில் தொல்லை தருவது எது, எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த இரண்டாம் பகுதியைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என் அக்கா இரண்டு ஆண்டுகள் தக்காளியைத் தொடவில்லை. கடைசியில் திரும்பச் சேர்த்தபோது ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் இழந்த எடையும், விருந்து வீடுகளுக்குப் போகாமல் இருந்ததும்தான் மிச்சம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இத்தகைய விலக்கை வீட்டிலேயே தொடங்கவே கூடாது.

ஆறு மாதமாகத் தினமும் தடிக்கிறது. எந்த உணவு காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் எந்த உணவும் காரணமில்லை. இந்த ஒரு வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

உண்மையான உணவு ஒவ்வாமை, உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், அந்த உணவை உண்ணும் ஒவ்வொரு முறையும் வரும். உண்ணாத நாளில் வராது. விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்காவில் ஒருவகை உண்ணி கடித்தவர்களுக்கு மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, ஆட்டிறைச்சி உண்ட மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குப் பின், நள்ளிரவில் தடிப்பு எழுவதை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் 2009-இல் விவரித்தார்கள். கோதுமை உண்டுவிட்டு உடற்பயிற்சி செய்தால் மட்டும் வருவதும் உண்டு. ஆனால் என்ன உண்டாலும் உண்ணாவிட்டாலும் ஆறு வாரத்துக்கு மேல் தொடர்ந்து வரும் தடிப்பு, நாட்பட்ட தானாகத் தோன்றும் காணாக்கடி என்ற வகையைச் சேர்ந்தது. மக்கள்தொகையில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இது வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இருமடங்கு. இவர்களில் பலருக்கு உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த மாஸ்ட் செல்களையே சீண்டுகிறது. தைராய்டு சுரப்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதற்கும் இந்தத் தன்னுடல் தாக்குப் போக்கே காரணம். கடித்த பூச்சி தட்டில் இல்லை, உள்ளே இருக்கிறது.

அப்படியானால் சிலருக்கு உணவு மாற்றம் பலன் தருகிறதே என்று கேட்கலாம். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் மாஸ்ட் செல்களுக்கு, மது, மன அழுத்தம், இறுக்கமான உடை, காய்ச்சல், ஆஸ்பிரின் அல்லது புரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் ஆகியவை கூடுதல் தள்ளுதலாக அமைகின்றன. சிலருக்கு ஹிஸ்டமின் மிகுந்த உணவும் அப்படி அமையலாம். கூட்டுவது வேறு, உண்டாக்குவது வேறு. வலிமாத்திரை இவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது தடிப்பைக் கூட்டுகிறது. உணவைச் சந்தேகிக்கும் எத்தனையோ பேர், மூட்டு வலிக்குத் தாங்கள் அன்றாடம் போடும் மாத்திரையைச் சந்தேகிப்பதே இல்லை.

குழந்தைக்கு ஓரிரு நாளாக மட்டும் தடித்தால், அது பெரும்பாலும் சளிக் காய்ச்சல் போன்ற வைரஸ் தொற்றைத் தொடர்ந்து வருவது. முட்டையையும் பாலையும் உடனே நிறுத்திவிட வேண்டியதில்லை.

எனக்கு வயிற்று வலியும் பேதியும் நெடுநாளாக இருக்கின்றன, தடிப்பும் வருகிறது. இரண்டும் ஒன்றுதானா?

வயிற்றுப் பகுதியைப் பற்றி அண்மை ஆண்டுகளில் மிக நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தினர் 2021-இல், குடல் தொற்று ஏற்பட்ட நேரத்தில் உண்ட உணவின் மீது குடற்சுவர் மட்டும் ஒவ்வாமை கொண்டுவிடுவதை எலிகளில் காட்டினார்கள். இரத்தத்தில் அதன் அடையாளமே இல்லை. குடலின் அந்தப் பகுதியில் மட்டும் எதிர்ப்பொருள் உருவாகி, அதே உணவு மறுபடி வரும்போது அங்குள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டி வலியை உண்டாக்கின. எரிச்சல் குடல் நோய் (வயிற்று வலியும், பேதியோ மலச்சிக்கலோ அடிக்கடி வரும் நிலை) உள்ள 12 பேரின் குடற்சுவரில் கோதுமை, சோயா, பால் ஆகியவற்றின் புரதங்களைச் செலுத்தியபோது, 12 பேருக்குமே அவற்றில் ஒன்றுக்காவது அந்த இடத்தில் எதிர்விளைவு தெரிந்தது. பேதி வந்து போனபின் வயிறு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை என்று சொல்பவர்களின் அனுபவத்துக்கு இது ஒரு விளக்கம்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2022-இல் இரண்டாவது இடத்தை, அதாவது நுண்ணுயிரைத் தொட்டது. எரிச்சல் குடல் நோயுள்ள சிலரின் குடலில் கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்ற பாக்டீரியா மிகுதியாக ஹிஸ்டமின் செய்வதையும், அந்த ஹிஸ்டமின் நான்காம் வகை ஏற்பியின் வழியாக மாஸ்ட் செல்களைக் குடலுக்கு அழைத்து வலியைக் கூட்டுவதையும் அவர்கள் கண்டார்கள். எளிதில் நொதிக்கும் மாவுச்சத்துகளைக் குறைத்த உணவு இந்த உற்பத்தியைத் தணித்தது. அதற்கு முன் 2017-இல், அதே வகை உணவை மூன்று வாரம் உண்டவர்களின் சிறுநீரில் ஹிஸ்டமின் எட்டில் ஒரு பங்காகக் குறைந்ததைக் கனடா ஆய்வாளர்களே காட்டியிருந்தார்கள்.

இவையெல்லாம் வயிற்று வலியைப் பற்றிய கண்டுபிடிப்புகள் என்பதை மறந்துவிடக் கூடாது. நாட்பட்ட காணாக்கடி உள்ளவர்களின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்த வேறுபாடு தடிப்புக்குக் காரணமா, அல்லது நோயாளி எடுத்துக்கொண்ட மருந்துகளின், கடைப்பிடித்த பத்தியத்தின் விளைவா என்பது இன்னும் பிரித்தறியப்படவில்லை. ஒருவருக்கே இரண்டும் இருந்தால் இரண்டையும் தனித்தனியே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒன்றின் மருந்து மற்றதைத் தீர்க்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

குடற்புழுவும் வயிற்றுப்புண் கிருமியும் காணாக்கடியை உண்டாக்குமா?

உண்டாக்கலாம். வெப்பமண்டல ஊர்களில் இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்க வேண்டும். நாடாப்புழு, உருளைப்புழு, ஸ்ட்ராங்கிலாய்டிஸ் போன்றவை உடலில் இருந்தால் இரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூடும்; ஒரு சாதாரண இரத்தச் சோதனையே இதைக் காட்டிவிடும். மலத்தைச் சோதிப்பதும் எளிது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு இருப்பது தெரியாமல், அரிப்பைத் தணிக்க ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால் அந்தப் புழு உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி ஸ்டீராய்டு போடக் கூடாது என்று நான் கடுமையாகச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமியைப் பொறுத்தவரை சான்றுகள் இரு பக்கமும் இருக்கின்றன. கிருமியை ஒழித்தபின் தடிப்பு அடங்கியவர்களும் உண்டு, அடங்காதவர்களும் உண்டு. வயிற்றில் அதற்குரிய தொல்லை இருந்தால் சோதித்து மருத்துவம் செய்வது எப்படியும் நல்லதே.

தயிரோ புரோபயாட்டிக் மாத்திரையோ உதவுமா?

நன்மை செய்யும் பாக்டீரியா என்று பொதுவாகச் சொல்லப்படும் லாக்டோபேசில்லஸ் குடும்பத்திலேயே ஹிஸ்டமின் செய்யும் வகைகளும் உண்டு, செய்யாதவையும் உண்டு. ஆகவே பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் பெயரை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. காணாக்கடிக்கு மருந்து என்று பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று சேரவில்லை. வீட்டுத் தயிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்றால் அதை நிறுத்தக் காரணமும் இல்லை.

எந்தச் சோதனைகள் தேவை? எவை வீண்?

நாட்பட்ட தடிப்புக்கு, பன்னாட்டு வழிகாட்டி முதலில் கேட்பது இரத்த அணுக்களின் எண்ணிக்கையும் அழற்சி அளவும் மட்டுமே. அடுத்ததாக ஐ.ஜி.ஈ. என்ற, ஒவ்வாமையோடு தொடர்புடைய எதிர்ப்பொருளின் மொத்த அளவும் தைராய்டு எதிர்ப்பொருளும். இரத்தத்தில் டயமின் ஆக்சிடேஸ் அளவைப் பார்ப்பதால் பெரிய பயனில்லை, ஏனென்றால் அந்த நொதி வேலை செய்வது குடலில். இரத்த அளவு அதைச் சரியாகக் காட்டுவதில்லை. நூறு, இருநூறு உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி. பார்த்துச் சிவப்பு, பச்சை என்று வண்ணமிட்டுத் தரும் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் அந்த உணவை நீங்கள் உண்டு வருகிறீர்கள் என்பதன் அடையாளம். ஒவ்வாமையின் அடையாளம் அன்று. அதனால்தான் தினமும் உண்ணும் அரிசியும் பாலும் அதில் சிவப்பாக வந்து நிற்கின்றன.

டயமின் ஆக்சிடேஸ் மாத்திரை வாங்கலாமா?

உணவுக்கு முன் விழுங்கினால் அது குடலுக்குள் இருக்கும் ஹிஸ்டமினை ஓரளவு சிதைக்கலாம். அது இரத்தத்துக்குள் போகாது. ஆகவே தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் கொட்டும் ஹிஸ்டமினை அது தொடவும் தொடாது. இத்தகைய மாத்திரைகளில் பெரும்பாலானவை பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. சைவ உணவினரும் முஸ்லிம்களும் வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது அவர்கள் உரிமை. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியே இந்த நொதியைப் பல நூறு மடங்கு சுரக்கிறது. உணவு ஒத்துக்கொள்ளாத சில பெண்களுக்கு அந்த மாதங்களில் தொல்லை குறைவதை இதோடு சேர்த்துப் பேசுவார்கள்.

அவில் போட்டால் அடங்கிவிடுகிறது. அதையே தொடரலாமா?

தமிழ்நாட்டில் அவிலும் இலங்கையில் பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமை மாத்திரையும் வீட்டுக்கு வீடு இருக்கும் மாத்திரைகள். இரண்டுமே பழைய தலைமுறையைச் சேர்ந்தவை. அவை மூளைக்குள் நுழைந்து விழிப்பைக் குறைக்கும். இரவில் போட்ட மாத்திரையின் மந்தம் மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் இருக்கலாம். செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின், பிலாஸ்டின் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகளையே இன்றைய வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன.

அதைவிட முக்கியமானது போடும் முறை. தடித்தபின் போட்டால் ஏற்கெனவே கொட்டிய ஹிஸ்டமின் ஏற்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும். நாட்பட்ட தடிப்புக்கு, தடித்தாலும் தடிக்காவிட்டாலும் தினமும் போட்டுக்கொண்டிருந்தால்தான் ஏற்பி பூட்டியே இருக்கும். ஒரு மாத்திரை போதாதபோது மருத்துவர் அதே மருந்தை நான்கு மடங்குவரை கூட்டலாம். அதற்கும் அடங்காதவர்களுக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஒமாலிசுமாப் ஊசி இருக்கிறது. விலை அதிகம், ஆனால் பலருக்கு வாழ்க்கையைத் திருப்பித் தந்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில ஆண்டுகளில் இந்த நோய் தானாகவே அடங்கும். மருந்து அதுவரை உங்களைத் தூங்கவும் வேலைக்குப் போகவும் வைக்கிறது. அதை அடிமைத்தனம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் கம்முதல், நாக்கு வீக்கம், தலைசுற்றி விழுதல், தொடர்ந்து வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. அப்போது உயிர் காப்பது தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. ஒவ்வாமை மாத்திரை அதற்கு மாற்றாகாது. தடிப்பே இல்லாமல் உதடும் நாக்கும் மட்டும் வீங்கினால், இரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை எடுப்பவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த வீக்கத்துக்குக் காரணம் ஹிஸ்டமின் அன்று. ஹிஸ்டமினை அடக்கும் மருந்துக்கு அது கட்டுப்படாது.

மருத்துவரிடம் போகும்போது தடிப்பு மறைந்துவிடுகிறது. என்ன செய்வது?

தடித்திருக்கும்போதே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்துக்கும் அந்த வட்டத்துக்குள் தடிப்பு அப்படியே இருந்தாலோ, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் மிகுதியாக இருந்தாலோ, மறைந்த இடத்தில் கன்றியது போன்ற கறை நின்றாலோ, அது சாதாரணக் காணாக்கடி அன்று. இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம், தோலில் சிறு துண்டெடுத்துச் சோதிக்க வேண்டிவரும். இரண்டு வாரத்துக்கு, உண்ட உணவோடு போட்ட மாத்திரைகள், மாதவிலக்கு நாள், காய்ச்சல், தூங்கிய நேரம் ஆகியவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தடிப்பு வந்த நாளில் உண்டதை மட்டும் எழுதாமல், வராத நாளில் உண்டதையும் எழுதுங்கள். அக்காவின் நோட்டில் தடிக்காத நாள்களிலும் ரசமும் சாம்பாரும் இருந்ததைக் காட்டித்தான் மருத்துவர் அவருக்குத் தக்காளியைத் திருப்பிக் கொடுத்தார்.